பாம்புக் கார்டு

செவந்திக்கு நடந்தது அநியாயம். வேறு வார்த்தை கிடையாது.

பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை. மாமியார் பொன்னாத்தா அவளை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிள்ளையைக் கொடுக்கவில்லை. புருஷன் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குள் பகை இருக்கிறதாம். டம்ளரின் அடியில் கிடந்த தேயிலைச் சக்கை சொன்னதாம்.

சக்கைக்கு ஏது வாய்? சொன்னவர் கனகவேல்.

அந்தக் கனகவேல்தான் மறுநாள் காலை, பனிமூட்டத்துக்குள் வழி தேடி வந்து, சலோமியின் கதவைத் தட்டினார்.

சலோமி தேயிலை ஃபேக்டரியில் ருசி பார்க்கிறவள். குடித்த கப்பில் மிஞ்சும் இலையைப் பார்த்துக் குறியும் சொல்வாள். அவளுக்கு வயது முப்பது. கனகவேலுக்கு ஐம்பத்திரண்டு. ஆனாலும் அவளை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டு ஆறு மாதம் பாடம் கேட்டவர்.

பாடப்புத்தகம் என்று ஒன்றும் இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார மானேஜர் பங்களாவில் விட்டுப்போன தபால் கார்டுகள், இருபத்துநான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு பூப்போட்ட கப். கப்புக்குள் இலைகள் கூடி ஓர் உருவம்: நங்கூரம், பறவை, மோதிரம், சவப்பெட்டி. கீழே ஆங்கிலத்தில் பலன். அதற்கும் கீழே பென்சிலில் சலோமியின் தமிழ்.

“டீச்சர், ஊரே என்னைத் திட்டுது. நான் என்ன அவ கையைப் பிடிச்சு வெளியே தள்ளினேனா?”

சலோமி அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

“பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். ஏன்னு கேட்டாங்க. அந்த வீட்டுல உட்கார்ந்து, பொன்னாத்தா குடிச்ச டம்ளரை வாங்கிப் பார்த்தேன். பாம்பு. இருந்ததைச் சொல்றது ஒரு தப்பா?”

“செவந்தி இப்ப எங்கே?”

“குழாயடியில நிக்கிறா. நேத்து சாயங்காலத்திலிருந்து அங்கேதான். அங்கே நின்னா பிள்ளை அழறது கேட்குதாம்.”

“பிள்ளை?”

“புட்டிப்பாலைத் தொட மாட்டேங்குது. இன்னொரு ராத்திரி தாங்காதுன்னு நர்ஸம்மா சொல்லிப் பார்த்துட்டாங்க. குறி சொன்னவர் வந்து சொல்லட்டும், திறக்கிறேன்னு பொன்னாத்தா பிடிவாதம்.”

“அப்போ போய்ச் சொல்லுங்க.”

“என்னன்னு? பொய் சொன்னேன்னா? அப்புறம் எவன் என்கிட்ட டம்ளரை நீட்டுவான்? அதுவுமில்லாம, பொய்யே இல்லையே!” சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை உருவினார். “நீங்க குடுத்த கார்டு. நீங்க எழுதின எழுத்து. தப்புன்னா உங்க தப்பு.”

“வாசிங்க.”

“‘கைப்பிடி ஓரம் பாம்பு: வீட்டுக்குள் பகை.’”

“டம்ளருக்கு ஏது அண்ணே கைப்பிடி?”

அதற்கும் பதில் வைத்திருந்தார். “எங்க தோட்டத்து லயத்துல, அந்த ஒத்தை ரூம் வரிசையில, எவ வீட்டுல கைப்பிடி வச்ச கப்பு இருக்கு? என் கட்டைவிரல் படுற இடத்தைக் கைப்பிடின்னு வச்சுக்கிட்டேன். ஏதாவது ஒரு இடம் வேணுமில்ல?”

“சரி. ஏழு பேர் இருக்கிற வீட்டுல செவந்தியை மட்டும் எதுக்குக் கைகாட்டினீங்க?”

“மத்தவங்க எல்லாம் ஒரே ரத்தம். வெளியிலிருந்து அந்த வீட்டுக்குள்ள வந்தவ அவ ஒருத்திதானே?”

சலோமி அடுப்புப் பக்கம் திரும்பினாள். கனகவேலுக்கு எரிச்சலாக வந்தது. சண்டைக்கு வந்தவருக்கு முதுகையா காட்டுவது?

ஓர் எவர்சில்வர் டம்ளரில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, வடிகட்டாமல் நீட்டினாள்.

குடித்தார். அடியைப் பார்த்தார். சுருண்ட உடல். தூக்கிய தலை. தலை அவர் கட்டைவிரலை ஒட்டி.

“பார்த்தீங்களா! உங்க வீட்டுலயும் பகை!”

“என் வீட்டுல நான் ஒருத்திதான் அண்ணே. என்னை எங்கே தள்ளுவீங்க?”

டம்ளரைக் கழுவி மறுபடி ஊற்றினாள். “இந்தத் தடவை இடது கை.”

இடது கையால் குடித்தார்.

பாம்பு இடது கட்டைவிரலை ஒட்டிக் கிடந்தது.

மூட்டம் ஜன்னல்வரை வந்துவிட்டிருந்தது. எங்கோ ஒரு குழந்தை அழுதது. பொன்னாத்தா வீடு இரண்டு மைல் தள்ளி. இங்கே கேட்க வழியே இல்லை.

மூன்றாவது டம்ளரைச் சலோமியே குடித்தாள். மேஜைமேல் வைத்தாள்.

கனகவேல் எட்டிப் பார்த்தார். இலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. உருவமே இல்லை. அவருக்கு மூச்சு வந்தது.

“இப்ப கையில எடுங்க.”

எடுத்தார்.

சக்கை நகர்ந்தது.

டம்ளர் ஆடவில்லை. கை நடுங்கவில்லை. ஈரத்தில் இலை இலையாக ஊர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, வளைந்து, அவர் கட்டைவிரல் இருந்த பக்கம் திரும்பித் தலையைத் தூக்கியது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். இலைகள் பிரிந்து பழையபடி சிதறின.

குழந்தையின் அழுகை நின்றுபோயிருந்தது. அழுதபோதே தேவலை என்றிருந்தது.

“டீச்சர்.” இப்போது குரலில் வழக்கு ஏதும் இல்லை. “பொன்னாத்தாகிட்ட நான் என்னன்னு சொல்றது? கார்டு பொய்யின்னா?”

சலோமி கார்டை எடுத்து அவர் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினாள்.

“கார்டு பொய் சொல்லலை அண்ணே. நேத்து அந்த வீட்டுக்குள்ள பகை வந்து உட்கார்ந்துதான் இருந்துச்சு. நீங்க எழுந்து வெளியே வந்ததும் அதுவும் கூடவே வந்துடுச்சு. இதை மட்டும் போய்ச் சொல்லுங்க. கதவு திறக்கும்.”