கொட்டாங்குச்சியை முந்தித் தட்டிய கிளி

ஒரு காட்டில் ஓர் ஓடை. ஓடைக்கு இரண்டு கரை. கரைக்கொரு நடுநிலைப் பள்ளி. மேட்டுக்கரைப் பள்ளி, பள்ளக்கரைப் பள்ளி என்று அவற்றுக்குப் பெயர்.

பங்குனி பிறந்ததும் இரண்டு பள்ளிகளுக்கும் வினாடி வினாப் போட்டி நடக்கும். ஜெயித்த பள்ளிக்குக் கோடை முழுவதும் நாவல் மரத்தடி. தோற்ற பள்ளிக்கு முள் நிறைந்த உடைமரத்தடி. போன கோடையில் மேட்டுக்கரைப் பிள்ளைகள் உடைமரத்தடியில்தான் படித்தார்கள். முள் குத்தாமல் தப்பித்தது ஆமை மட்டுமே.

"இந்த வருஷம் என்னை நம்புங்கள்" என்றது அணித்தலைவி பவழக்கொடி. அது ஒரு கிளி. முந்தைய வருஷங்களில் கேட்ட கேள்விகள் முந்நூறையும் பதிலோடு மனப்பாடம் செய்திருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். எழுப்பாவிட்டாலும் சொல்லும்.

அதன் அணியில் முயல், மான், ஆமை. எதிரணிக்குத் தலைவன் நரி.

போட்டி நாள் வந்தது. கேள்வி கேட்பவர் கொக்கு வாத்தியார். ஒற்றைக் காலில் நின்றபடி அவர் விதிகளைச் சொன்னார்.

"அணிக்கு நான்கு பேர். ஒவ்வொரு அணிக்கு முன்னாலும் ஒரு கொட்டாங்குச்சி கவிழ்த்து வைத்திருக்கிறேன். பதில் தெரிந்தவர் தட்டலாம். முதலில் தட்டும் அணிதான் பதில் சொல்ல வேண்டும். சரியென்றால் பத்து மதிப்பெண். தவறென்றால் ஐந்து போய்விடும்; அடுத்த அணிக்குக் கேள்வியை முழுதாக வாசிப்பேன். மரங்கொத்தி பத்து கொத்து கொத்துவதற்குள் அவர்கள் தட்ட வேண்டும். மொத்தம் பத்துக் கேள்விகள்."

பவழக்கொடி கொட்டாங்குச்சியை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. முதல் நான்கு கேள்விகளும் பழையவை. நான்கும் அதற்கே. நாற்பது மதிப்பெண்!

ஆனால் நரி ஒன்றைக் கவனித்துவிட்டது: கிளியின் கண் கேள்வி கேட்பவரிடம் இல்லை, நரியின் கைமேல்தான் இருக்கிறது. ஐந்தாம் கேள்விக்குக் கொக்கு வாயைத் திறந்ததும், நரி தட்டப் போவதுபோல் கையைத் தூக்கியது.

"காகத்தின் கூட்டில் முட்டையிடும்..."

டொக்! "குயில்!" என்று கத்தியது பவழக்கொடி.

"தவறு" என்றார் கொக்கு வாத்தியார். "காகத்தின் கூட்டில் முட்டையிடும் குயிலுக்குக் கண் என்ன நிறம்?"

"சிவப்பு" என்றது நரி, சாவகாசமாகத் தட்டிவிட்டு.

அடுத்த கேள்வி. நரியின் கை மறுபடி உயர்ந்தது.

"எட்டுக் கால் உள்ள..."

டொக்! "சிலந்தி!"

"எட்டுக் கால் உள்ள சிலந்திகள் ஐந்து சேர்ந்தால் மொத்தம் எத்தனை கால்?"

"நாற்பது" என்றது நரி.

குழந்தைகளே, தேர்வில் கேள்வியைப் பாதி படித்துவிட்டுப் பதில் எழுதும் பழக்கம் உங்களில் யாருக்கும் கிடையாது. அது எனக்குத் தெரியும். கிளிக்குத்தான் இருந்தது.

ஏழாவதிலும் அதே கதை. எட்டும் ஒன்பதும் யாருக்கும் தெரியவில்லை. கடைசிக் கேள்விக்கு முன்னால் பள்ளக்கரைக்கு முப்பது, மேட்டுக்கரைக்கு இருபத்தைந்து.

முயல் அழுதேவிட்டது. ஆமை மெல்லத் தலையை நீட்டியது.

"அக்கா, ஒன்று சொல்லட்டுமா? நரி கையைத் தூக்குகிறதே தவிர, ஒரு தடவைகூட முதலில் தட்டவில்லை."

"அது தட்டுவதற்குள் நான் முந்திக்கொள்கிறேனே!"

"நீங்கள் முந்தவில்லை அக்கா. அது உங்களை முந்த வைக்கிறது."

பவழக்கொடிக்கு முகம் சிவந்தது. அலகு ஏற்கெனவே சிவப்பு, அதனால் யாருக்கும் தெரியவில்லை. அது இரண்டு சிறகுகளையும் இறுக்கி மடக்கிக்கொண்டது.

"கடைசிக் கேள்வி" என்றார் கொக்கு வாத்தியார். "தண்ணீரிலும்..."

நரி கையைத் தூக்கியது. கிளி அசையவில்லை.

"தரையிலும்..."

நரி தூக்கிய கையைக் கொஞ்சம் இறக்கிக் காட்டியது. கிளி பல்லைக் கடித்திருக்கும், பல் இருந்திருந்தால்.

"வாழும்..."

இன்னுமா தட்டவில்லை என்று நரி கிளியையே பார்த்தபடி கையை நகமளவு இறக்கியது.

டொக்!

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நரியின் நகம் கொட்டாங்குச்சியின் மேல் இருந்தது.

"நான் தட்டவில்லை ஐயா! அதுவாகப் பட்டுவிட்டது!"

"பட்டாலும் தட்டினாலும் சத்தம் ஒன்றுதான். பதில்?"

"த... தவளை!"

"தவறு. ஐந்து போயிற்று. மேட்டுக்கரைக்கு முழுக் கேள்வி: தண்ணீரிலும் தரையிலும் வாழும் தவளை, முட்டையிலிருந்து வெளிவரும்போது அதற்கு வால் இருக்கும். எது இருக்காது?"

மரங்கொத்தி கொத்தத் தொடங்கியது. பவழக்கொடி முந்நூறு பதில்களையும் தேடியது. எதிலும் இது இல்லை. மானைப் பார்த்தது, முயலைப் பார்த்தது. ஆமை மட்டும் கொட்டாங்குச்சியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அது குளத்தில் வளர்ந்தது அல்லவா!

கிளி சட்டென்று எழுந்து வழிவிட்டது. ஏழு. எட்டு. ஆமை ஓட்டுக்குள்ளிருந்து காலை நீட்டியது. ஒன்பது.

டொக்.

"கால்" என்றது ஆமை.

"உன் காலைத்தான் பார்த்தேன். பதிலைச் சொல்."

"அதுதான் ஐயா பதில். கால்."

"சரி!" என்றார் கொக்கு வாத்தியார். மேட்டுக்கரைக்கு முப்பத்தைந்து, பள்ளக்கரைக்கு இருபத்தைந்து. முயல் மானின் முதுகில் ஏறிக் குதித்தது.

"ஆகவே, இந்தக் கோடையில் நாவல் மரத்தடி..." என்று தொடங்கினார் வாத்தியார்.

பவழக்கொடியின் அலகு திறந்தது. உடனே அது தன் சிறகாலேயே அலகைப் பொத்திக்கொண்டது. அதைப் பார்த்த கொக்கு வாத்தியார், மீதி வாக்கியத்தைச் சொல்லாமல், தூக்கி வைத்திருந்த காலை மெல்ல இறக்கி, அடுத்த காலை மெல்லத் தூக்கி, தொண்டையை இரண்டு முறை கனைத்துக்கொண்டார்.

நீதி: முந்திச் சொன்ன பதிலைவிட, முழுதாகக் கேட்ட கேள்வியே வெற்றி தரும்.