நாலு நிறச் சுரைக்குடுக்கை

ஆறு கடலில் விழும் இடத்தில் ஒரு துறைமுகம் இருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் வெள்ளம் வந்து முகத்துவாரத்து மணலைத் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றிவிட்டுப் போகும். போன வருஷம் படகு போன வழி இந்த வருஷம் மேடாகிக் கிடக்கும். அதனால் எத்தனை வருஷம் சுக்கான் பிடித்தவராக இருந்தாலும், தை மாதம் மூன்று நாள் பாடத்துக்கு விரித்த பாயில் உட்கார்ந்து புது வழியைப் படித்த பிறகுதான் படகை எடுக்கலாம். அது ஊர்க் கட்டுப்பாடு.

பாடம் சொல்ல ஆள் பார்க்கும் பொறுப்பு முத்துவாப்பாவுடையது. அவருக்கு அறுபது வயது. அவருடைய குரு கலந்தர் மாலுமியாருக்கு நாற்பதுதான். மூத்த சீடரை அவர் 'காக்கா' என்று அண்ணன் முறை வைத்தே கூப்பிடுவார். ஆனால் கடல் என்று வந்துவிட்டால் அந்தக் கரையில் கலந்தர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

போன வருஷம் முத்துவாப்பா பிடித்து வந்த ஆள் நன்றாகப் பேசினார். பாடம் தேனாக இனித்தது. பத்தாம் நாள் ஒரு படகு மணலில் தட்டிக் கவிழ்ந்தது; நாலு பேர் திரும்பவில்லை. அன்றிலிருந்து முத்துவாப்பா அந்த நாலு வீட்டுத் தெருவை விட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டுதான் தொழப் போகிறார். இந்த வருஷம் அவர் மகன் மீராசாவும் முதன்முறையாகச் சுக்கான் பிடிக்கப் போகிறான்.

"மூணு பேர் வந்திருக்காங்க, மாலுமியாரே" என்றார். "உதுமானுக்கு இருவத்தெட்டு வருஷ அனுபவம். நயினார் உப்பு முதலாளிகிட்ட கடிதம் வாங்கிட்டு வந்திருக்கார். சந்தியாகுகிட்ட ஒண்ணும் இல்ல. யாரை நம்பறதுன்னு எப்படி அறியறது?"

கலந்தர் உள்ளே போய்க் காய்ந்த சுரைக்குடுக்கைகளை அள்ளி வந்தார். ஒவ்வொன்றிலும் கயிறு கோத்துக் கல் கட்டினார். ஏழு ஏழாகப் பிரித்துச் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், வெள்ளை என்று பூசினார்.

"ஆளுக்கு ஏழு. தினம் ஒருத்தரா, தனியாப் போய், 'நான் சொல்லித்தரப் போற வழி இதுதான்'னு தண்ணியில போட்டுட்டு வரட்டும். எந்த நிறம் யாருதுன்னு நீங்க கேக்கக் கூடாது. அமாவாசையன்னிக்குத் தண்ணி வத்தும்போது போய்ப் பார்ப்போம், காக்கா."

"மூணு பேருக்கு நாலு நிறம் எதுக்கு?"

குரு தூரிகையைக் கழுவப் போய்விட்டார்.

அமாவாசையன்று விடிந்தபோது கடல் பின்வாங்கியிருந்தது. எல்லோரும் கரையில் நின்றார்கள். முத்துவாப்பா பிறந்தது முதல் பார்க்கிற முகத்துவாரம்தான். ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. அத்தனை அகலத் தண்ணீருக்கடியில் எங்கு பார்த்தாலும் மணல் மேடு. நடுவே ஒரே ஒரு நீர் வழி, ஓடை மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. இதன் மேலேயா இத்தனை நாள் எல்லாம் தெரிந்தமாதிரி படகு விட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

சிவப்பில் ஐந்து மணலில் கிடந்தன.

"மணல் தானா எறங்கிடும்" என்றார் உதுமான், யாரும் கேட்காமலே. "எங்க வாப்பாவும் இந்த வழியத்தான் போனாங்க."

கறுப்பு ஏழும் மிதந்தன. முத்துவாப்பாவுக்குப் போன உயிர் வந்தது.

"இவர்தான், மாலுமியாரே."

"கடைசிக் குடுக்கை எங்க நிக்குது, காக்கா?"

முத்துவாப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அது உப்பு முதலாளியின் சரக்குக் கிட்டங்கி வாசலில் நின்றது. ஊர்ப் படகுத்துறைக்கு வர வேண்டியவன் அலைக்குப் படகின் விலாவைக் காட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் சுற்ற வேண்டும். நயினார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

மஞ்சளில் ஆறு மிதந்தன. ஒன்று மணலில். யாரும் வாய் திறப்பதற்குள் சந்தியாகு இறங்கிப் போனார். அதைத் தூக்கினார், கழியால் குத்திக் குத்தி ஆழம் பார்த்தார், தண்ணீரில் போட்டுவிட்டு வந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் முத்துவாப்பா.

"அஞ்சாவது எடத்துல மட்டும் அளக்கலைங்க. தெரிஞ்ச எடந்தானேன்னு இருந்துட்டேன்."

முத்துவாப்பா குருவின் பக்கம் குனிந்தார். "ஒண்ணு தப்பிப்போச்சே. அந்த ஒண்ணுலதானே என் மகன் படகு தட்டும்?"

"இப்ப அது எங்க இருக்கு?"

"தண்ணியில."

மிச்சமிருந்தது வெள்ளை. நாலு குடுக்கை மணல்மேட்டின் உச்சியில் காய்ந்துகொண்டிருந்தன. முத்துவாப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"இது எவன், கண்ணைக் கட்டிக்கிட்டுப் போட்டவன்? பாய் பக்கமே அண்ட விடக் கூடாது இவனை."

கலந்தர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் நடந்தார். நாலையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"நாந்தான், காக்கா."

புயலில் சிக்கியவர்கள்கூட இந்த மனிதர் சொன்ன திசையை நினைத்துக் கரை சேர்ந்திருக்கிறார்கள். அவர் முகத்தில் வெட்கம் இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தார். முத்துவாப்பாவுக்கு அவரை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"மூணு வருஷமா நான் பாயில உட்காரல" என்றார் கலந்தர். "எனக்கு யாரு சொல்லித்தர்றதுன்னு இருந்துட்டேன்."

"மாலுமியாரே..."

"சந்தியாகு பாடத்துக்குப் பாய் எத்தனை எடுத்து வச்சிருக்கீங்க?"

"நாப்பது."

"இன்னொண்ணு போடுங்க. மீராசாவுக்குப் பின்னால."