ஆயுத பூஜையன்று கழற்றிய நட்டு

“தாயி, எனக்கு மனசு காலியாகவே மாட்டேங்குது. இங்க வந்து ஏழு மாசம் ஆச்சு. என்னதான் பண்றது?”

திலகவதி இதைக் கேட்டது ஆயுத பூஜை அன்று காலையில்.

சுனையடி மடத்துக் கொட்டகையில் அப்போதுதான் கற்பூரம் அணைந்திருந்தது. அரிவாள்மணை, மண்வெட்டி, சுத்தியல், ஸ்பேனர் என்று மடத்துச் சாமான் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகப் பலகையில் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் மடத்துப் பிக்கப் வண்டி, முன்னால் ஒரு முழம் சாமந்தியோடு நின்றது.

மடத்தை நடத்துகிற தாயி பலகைப் பக்கம் குனிந்தார். பலகையில் இருந்த ஸ்பேனர்களில் ஒன்றை இடது கையால் எடுத்தார். வைத்த குங்குமம் அழியாமல் அதைத் திலகவதியின் உள்ளங்கையில் வைத்தார்.

திலகவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஐயோ தாயி! இன்னைக்கு ஆயுதத்தைத் தொடலாமா? நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதானே எடுக்கணும்?”

“மேல்சுனையில எந்த வீட்டிலும் அடுப்பு எரியல அக்கா.”

அது திலகவதிக்கும் தெரியும். மலைமேலே ஆறு நாளாக மழை. விறகெல்லாம் ஊறிப்போய், நாற்பது வீட்டுக்காரர்கள் அவலை நனைத்துச் சாப்பிடுவதாக முதல் நாள் ஒருவர் நடந்தே இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார். பூஜைக்கு மறுநாள் விடிந்ததும் கஞ்சி கொண்டு வருவதாகத் தாயி வாக்குக் கொடுத்திருந்தார்.

தாயிக்கு நாற்பது வயசுதான். லாரிக்காரர் மகள். கண்ணை மூடி உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் மனசு சரியில்லை என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். திலகவதியும் அப்படி வந்தவள்தான். ஐம்பத்தேழு வயசு. பெற்ற மூன்றும் கரையேறிவிட்டன. கணவர் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. அதனால் வந்தாள்.

மலைக்கு வண்டி ஓட்டுவது எப்போதும் தாயிதான். நாலு நாள் முன்னால் ஈரத்தில் வழுக்கி விழுந்து, வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

வண்டிக்கும் உடம்பு சரியில்லை. பத்து நாளாகப் பின்பக்கம் ஊளையிட்டது. டவுன் மெக்கானிக்குக்குப் போன் போட்டதில், “இன்னைக்கு ஸ்பேனரைத் தொட்டா எங்க முதலாளி என் கையை ஒடிச்சிருவாரும்மா. நாளை கழிச்சுப் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டார்.

“ரெண்டு சுத்து ஓட்டிட்டு வாங்க அக்கா. சூடு ஏறினாத்தான் உள்ள இருக்கற பழைய ஆயில் இளகும்” என்றார் தாயி.

திலகவதி சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் வண்டி ஓட்டியிருக்கிறாள். சமதரையில் பயமில்லை. மைதானத்தில் இரண்டு சுற்று சுற்றினாள். வண்டி, பிள்ளைபெறப் போகிறவள் மாதிரி முனகியது.

“கிரவுன் ஆயில் மாத்தணும். உள்ள பல்சக்கரத்துப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பசியில கத்துது.”

“கிரவுன்னா கிரீடம்தானே தாயி? அது எங்க இருக்கு?”

தாயி குனிந்து பின் சக்கரங்களுக்கு நடுவே கையைக் காட்டினார். இரும்புச் சட்டி ஒன்றைக் கவிழ்த்து ஒட்டியதுபோல உருண்டையாக ஏதோ தொங்கியது.

“கிரீடத்தைக் கொண்டுபோய் அடிவயித்துலயா வைப்பாங்க?”

சமையல்கட்டு வாசலில் கோசலை சிரித்தாள். மடத்துக்குச் சமைக்கிறவள். அவள் வாய்க்கு மடத்தில் பூட்டுக் கிடையாது.

“தலையில வச்சா கர்வம் வந்துரும்னு கீழ வச்சிருக்கான் போல, டவுனம்மா.”

தாயி ஸ்பேனரைப் பார்த்தார். “அக்கா, ஆயுதத்தைக் கும்பிட்டீங்களா?”

“கும்பிட்டேன் தாயி.”

“எப்படி?”

“நின்னுக்கிட்டுத்தான்.”

தாயி ஒரு கோணிச் சாக்கை எடுத்து வண்டிக்கு அடியில் விரித்தார்.

“இப்பப் படுத்துக் கும்பிடுங்க.”

சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, முருகா என்று திலகவதி மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

தாயி குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

“ரெண்டு நட்டு தெரியுதா?”

“தெரியுது. இடுப்புல ஒண்ணு. அடியில ஒண்ணு.”

“இடுப்புல இருக்கறது ஊத்தறதுக்கு. அடியில இருக்கறது கொட்டறதுக்கு. எதை முதல்ல கழட்டணும்?”

திலகவதி வாயைத் திறந்தாள்.

“இப்பச் சொல்ல வேணாம். யோசிச்சு வைங்க. நாளைக் கஞ்சிக்குக் குருணை போதுமான்னு பார்த்துட்டு வந்துடறேன்.”

தாயி போய்விட்டார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பழசைக் கொட்டாமல் புதுசை எங்கே ஊற்றுவது? பாத்திரம் கழுவுகிற எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரிந்ததுதானே.

அடிநட்டில் ஸ்பேனரை மாட்டி ஒரே இழுப்பு. நட்டு வந்துவிட்டது. கறுப்பாக, அழுகின முட்டை நாற்றத்தோடு ஆயில் கொட்டியது. பழைய தகர டப்பாவை நகர்த்திப் பிடித்தாள். நட்டின் நுனியில் காந்தம் இருந்தது. அதில் இரும்புப் பொடி கண்மை மாதிரி அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்தாள்.

“தாயி! காலியாகுது தாயி! சொட்டு விடாம காலியாகுது!”

ஏழு மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் கத்தியதில்லை.

கடைசிச் சொட்டும் விழுந்தது. அடிநட்டைத் துணியில் வைத்துவிட்டு இடுப்பு நட்டுக்குப் போனாள்.

அது அசையவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தாள். காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி தோலுரிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

தாயியின் பாதங்கள் வந்து நின்றன.



“வாசல் திறக்குதான்னு பார்க்காம வீட்டைக் காலி பண்ணிட்டீங்களே அக்கா.”

 காலையில் வண்டி ஊளையிட்டாவது ஓடியது. இப்போது வயிற்றில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. இப்படியே ஏற்றினால் முதல் வளைவிலேயே பல் எல்லாம் தேய்ந்து கொட்டிவிடும்.

“டப்பாவுல இருக்கற பழசையே திரும்ப ஊத்திடலாமா தாயி?”

“எது வழியா?”

திலகவதி வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் முழுக்கத் தண்ணீர். நாற்பது வீடு. நாற்பது வீட்டுப் பிள்ளைகள் விடிந்ததும் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள்கூட வெறும் வயிற்றோடு அனுப்பியவள் இல்லை அவள்.

“யாரையாவது கூப்பிடலாமா?”

“கூப்பிடுங்க.”

டிராக்டர்காரரைப் போனில் கூப்பிட்டாள். டிராக்டர் பூஜையில் இருக்கிறது என்றார். பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டாள். கடைக்குப் பூட்டுப் போட்டு, பூட்டுக்கும் பொட்டு வைத்தாயிற்று என்றார்.

தாயி பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் அவரைக்காய்க்கு நார் உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நார் கையோடு வரவில்லை. ஆனாலும் விடவில்லை.

“சொல்லுங்க தாயி, நான் என்ன பண்ண?”

“இந்தக் காய்க்கு நுனி எதுன்னு தெரியல அக்கா.”

கோசலை உள்ளிருந்து ஒரு ஜாடியோடு வந்தாள்.

“ஏ டவுனம்மா, நட்டுதான் உன் சொல்லைக் கேட்கல. இந்த நார்த்தங்காய் ஜாடி மூடியாவது கேட்குதா பாரு. மத்தியானச் சோத்துக்குத் தொட்டுக்க ஒண்ணுமில்ல.”

திலகவதி கண்ணைத் துடைத்தபடியே ஜாடியை வாங்கினாள். சமையல்கட்டுக்குப் போனாள். கொதிக்கிற உலையிலிருந்து ஒரு கரண்டி வெந்நீர் எடுத்து மூடியைச் சுற்றி விட்டாள். கரண்டிக் காம்பால் நாலு பக்கமும் தட்டினாள். முந்தானையால் பிடித்து, முதலில் மூடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். அப்புறம் திருப்பினாள்.

மூடி கையோடு வந்தது.

அவள் மூடியைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.

“கோசலை! அந்த உலைத் தண்ணியைக் கொண்டா!”

“சோத்துக்கு வச்சதுடி!”

“சோறு அப்புறம் பொங்கலாம். கொண்டா!”

மறுபடியும் கோணிச் சாக்கு. கிழிந்த வேட்டித் துணியை நட்டைச் சுற்றி அந்த இரும்புச் சட்டியில் ஒட்டவைத்து, சொம்புச் சொம்பாகக் கொதிநீரை விட்டாள். கை பொரிந்தது. நட்டின் தலையில் சுத்தியலால் தட்டினாள், ஓங்கி அல்ல, தூங்குகிற வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. கொட்டகை மூலையில் கிடந்த இரும்புக் குழாயை ஸ்பேனர் காம்பில் செருகிக்கொண்டாள்.

முதலில் இறுக்கினாள். வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கோசலைக்குப் பதறிவிட்டது.

“ஏய், தப்பாத் திருப்பறடி! இறுக்கறடி!”

“நீ சும்மா இரு.”

யாரும் சொல்லித் தந்ததில்லை அவளுக்கு. மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூட அவசரத்தில் திறக்காத டப்பாவை நீட்டி “அம்மா, அம்மா” என்று நின்ற காலைகள் சொல்லித் தந்த பாடம் அது.

இறுக்கிவிட்டு எதிர்ப்பக்கம் இழுத்தாள். வரவில்லை.

இன்னொரு சொம்பு. இன்னும் நாலு தட்டு. வரவில்லை.

மூன்றாவது சொம்பு. முருகனைக் கூப்பிடவும் மறந்துபோனாள்.

டக்.

நட்டு உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு குழாயை மெதுவாக நகர்த்தினாள்.

நட்டு சுற்றியது.

“வந்துருச்சு!”

கோசலை கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் குலவை போட்டாள். அந்தக் குலவைக்கு மரத்திலிருந்த கிளி எல்லாம் பறந்தது. தாயி அவரைக்காயை மடியிலேயே கொட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

“இப்ப எது முதல்ல அக்கா?”

“அடியில இருக்கறதைக் கழுவித் துடைச்சு மூடறேன். ஆனா ரெண்டு நிமிஷம் பொறுங்க, இன்னும் ஏதாவது சொட்டுதான்னு பார்த்துட்டு.”

தாயி தலையாட்டினார். மூட்டைக்கிடங்கிலிருந்து புது ஆயில் கேனை நகர்த்திக்கொண்டு வந்தார்.

திலகவதி அடிநட்டை மூடி இறுக்கியதும், கோசலை வண்டிமேல் ஏறிப் புனலைப் பிடித்தாள். புனலிலிருந்து ரப்பர் டியூப் இறங்கி இடுப்பு ஓட்டைக்குள் போனது. தேன் நிறத்தில் புது ஆயில் மெல்ல மெல்ல இறங்கியது.

“எவ்வளவு ஊத்தணும் தாயி?”

“அதுவே சொல்லும்.”

“எப்படிச் சொல்லும்?”

 திலகவதி அண்ணாந்து பார்த்தபடியே கிடந்தாள்.

ஓட்டையின் விளிம்பில் ஒரு துளி எட்டிப் பார்த்தது. தயங்கியது. அவள் கன்னத்தில் விழுந்தது.

“போதுங்குது கோசலை! போதுங்குது! நிறுத்து!”

மறுநாள் விடியலில் இரண்டு அண்டா கஞ்சியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். தாயி இடதுபக்க இருக்கையில் ஏறிக்கொண்டார். கோசலை வண்டியின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, திலகவதி நெற்றியிலும் பூசினாள்.

“போயிட்டு வா, டவுனம்மா. அண்டாவைக் கவுத்துடாதே.”

மேல்சுனைக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவு.

முதல் வளைவு. திலகவதி காதைப் பின்னால் வைத்துக்கொண்டு ஏறினாள். ஊளை இல்லை. அண்டா மூடி மட்டும் கிணுகிணுவென்றது.

“தாயி, கத்தல பாத்தீங்களா!”

“ம்.”

தாயியின் இடது கை ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. திலகவதி அதைக் கவனித்தாள். அவளும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

மூன்றாவது வளைவில் வண்டி பின்னால் ஓரடி நழுவியது. தாயி கம்பியை விடவில்லை.

“தாயி, முதல் கியர் போடவா?”

“உங்களுக்குத் தெரியுமே அக்கா.”

போட்டாள். வண்டி முக்கி, நிமிர்ந்து, ஏறியது.

ஆறாவது வளைவில் பனி. ஏழில் பாதி ரோட்டுக்குக் கல் சரிந்து கிடந்தது. இடப்பக்கம் மலைச்சுவர். வலப்பக்கம் பார்க்கவே கூடாது. பார்க்காமல், கல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே முழம் முழமாக ஓட்டினாள். பின் சக்கரம் ஒரு கல்லை நசுக்கிக்கொண்டு தாண்டியது.

“தாண்டியாச்சு தாயி!”

“ம்.”

ஒன்பதாவது வளைவு.

“தாயி, நான் சரியாத்தானே போறேன்?”

பதில் இல்லை.

பத்தாவது.

“தாயி?”

பதில் இல்லை. திரும்பிப் பார்க்க முடியாது. ரோட்டிலிருந்து கண்ணை எடுத்தால் போச்சு. தாயிக்குக் கோபமோ என்னவோ. ஏதாவது தப்பாகப் போட்டுவிட்டோமோ. கேட்காமலே ஓட்டினாள். பதினொன்று. பன்னிரண்டு. கியரை அவளே போட்டாள், அவளே எடுத்தாள். பதின்மூன்றாவது வளைவில் மழைநீர் ரோட்டின் குறுக்கே ஓடியது. நிறுத்தாமல் கடந்தாள்.

பதினாலாவது வளைவு திரும்பியதும் மேல்சுனை தெரிந்தது.

குடையும் சாக்குமாகத் தலையில் போட்டுக்கொண்டு ஊரே ரோட்டில் நின்றது. பெண்கள் கையில் தூக்குவாளி, சட்டி, போசி. பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு, “வண்டி வந்துருச்சு! கஞ்சி வந்துருச்சு!” என்று கூவிக்கொண்டே ஓடி வந்தார்கள்.

திலகவதி பிரேக்கை அழுத்தி, கைபிரேக்கை இழுத்தாள். அப்போதுதான் பக்கத்தில் திரும்பினாள்.

தாயியின் கை கம்பியில் இல்லை. மாவுக்கட்டு மடியில் கிடந்தது. தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது.

திலகவதி வண்டியை அணைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கினாள். கூச்சலோடு ஓடி வருகிற ஊரைப் பார்த்து, ஆயில் கறை போகாத விரலை உதட்டில் வைத்தாள்.

“ஷ்... தாயி தூங்கறாங்க.”