முந்நூறு கூழாங்கல்

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு மான்கூட்டம் இருந்தது. கோடை வந்தால் அங்கே செந்நாய்களும் தண்ணீர் குடிக்க வரும். வந்தால் சும்மா போகாது. அதனால் கோடைக்குள் குட்டிகளுக்கு நெஞ்சும் காலும் தேற வேண்டும்.

அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தினமும் குட்டிகள் குளத்தைச் சுற்ற வேண்டும். சுற்றுக்கு ஒரு கூழாங்கல்லை நாவல் மரத்தடியில் போட வேண்டும். யார் குவியல் பெரிதோ, அந்தக் குட்டியைப் பெற்றவர்களுக்குத் தனி மரியாதை. அப்புறம் என்ன? குட்டி தேறியதா என்று யார் பார்த்தார்கள்? குவியலைத்தான் பார்த்தார்கள்!

பெரிய குவியல் முத்தழகனுடையது. அவன் சுற்றுகிற அழகைச் சொல்லியே ஆக வேண்டும். நாலு அடி நடப்பான், ஒரு வாய் புல் மேய்வான். நிழலில் நின்று கொட்டாவி விடுவான். பின்னாலேயே அவன் அம்மா செண்பகம் வருவாள்.

"வேகமா போகாதே கண்ணு! மூச்சு வாங்கும்! நெஞ்சு படபடன்னு அடிக்கும்!"

"எனக்கு அப்படி அடிச்சதே இல்லையேம்மா!"

"என் ராசா!" என்று அவள் அவன் நெற்றியை நக்குவாள்.

அப்பா கிளைக்கொம்பன் மரத்தடியை விட்டு நகரவே மாட்டான். "முந்நூறு கல்! ஒரு தடவைகூட இரைச்சதில்ல என் பையன்!" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்வான்.

சித்தாயி என்று இன்னொரு குட்டி இருந்தாள். அவள் குவியலில் ஏழே கல். குரங்குகளோடு ஓடிப்பிடித்து விளையாடத்தான் அவளுக்குப் பிடிக்கும். கொஞ்ச நேரம்தான், ஆனால் நாக்குத் தள்ள ஓடுவாள். பள்ளத்தைத் தாண்டுவாள். தொப்பென்று விழுந்து கிடப்பாள். மூச்சு அடங்கியதும் மறுபடி ஓட்டம்.

"ஏழு கல்லை வச்சிக்கிட்டு ஏன்டி இப்படி இரைக்கிறே? வெக்கமா இல்ல?" என்றாள் செண்பகம்.

"நல்லா இருக்கு அத்தை! மொதல்ல பாறை வரைக்கும்தான் முடிஞ்சுது. இப்ப மேடு வரைக்கும் ஓடறேன்!"

"மேட்டுக்கு ஏது கல்லு?" கூட்டமே சிரித்தது.

கோடை வந்தது. செந்நாய்களும் வந்தன.

ஆள்காட்டிக் குருவி கத்தியதும் எல்லோரும் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். முத்தழகனும் ஓடினான். இருபது பாய்ச்சல், அவ்வளவுதான்! கால் மடங்கி வெட்டவெளியில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா! மூச்சு அடைக்குது! நெஞ்சுக்குள்ள யாரோ உதைக்கிறாங்க!"

கிளைக்கொம்பன் அப்போது என்ன செய்தான் தெரியுமா? மேட்டில் நின்றுகொண்டு, "ஏய்! அவன் முந்நூறு சுத்து சுத்தினவன்!" என்று செந்நாய்களிடம் கத்தினான்.

"அதான் இப்படிக் கொழுகொழுன்னு இருக்கானா! பெத்தவங்களுக்கு ரொம்ப நன்றி!" என்றது தலைவன் செந்நாய்.

சித்தாயி மேட்டிலிருந்து குதித்தாள். செந்நாய்களின் மூக்குக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தாள். ஓடுவதைக் கண்டால் நாயால் சும்மா இருக்க முடியுமா? மொத்தக் கூட்டமும் அவளைத் துரத்தியது. அவள் வளைந்து வளைந்து ஓடிப் பள்ளத்தை ஒரே தாண்டாகத் தாண்டினாள். பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பள்ளத்துச் சேற்றில் விழுந்தன. அதற்குள் செண்பகம் மகனைப் புதருக்குள் தள்ளிவிட்டாள்.

"இனிமே நீ நடக்கவே வேணாம் கண்ணு!" என்று அழுதாள்.

"நடந்தா விழுந்தேன்? ஓடிப் பழகாமதானே விழுந்தேன்!" என்றான் முத்தழகன்.

மறுநாள் காலையில் அவன் சித்தாயியிடம் போய் நின்றான். "இன்னைக்குப் பாறை வரைக்கும் போதும். நாளைக்குக் கொஞ்சம் கூட்டிக்கலாம்," என்றாள் அவள். ஓடினான். இரைத்தது. உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

கிளைக்கொம்பன் ஓடோடி வந்தான். "பாறை வரைக்கும் போனா முழுக் கல்லா, பாதிக் கல்லா?"

செண்பகம் நாவல் மரத்தடிக்குப் போய், முந்நூறு கல்லையும் காலால் எத்திக் குளத்தில் தள்ளினாள்.

எத்தனை சுற்று என்று எண்ணிப் பெருமை பேசுவதால் பிள்ளையின் நெஞ்சு தேறாது, தினமும் கொஞ்ச நேரமாவது மூச்சு வாங்க ஓடி விளையாடினால்தான் தேறும்.