சிப்பிக் கவசமும் நண்டின் கொடுக்கும்

காட்டோரக் குளம் ஒன்றில் தவளைகள் நிறைய இருந்தன. அவற்றைத் தின்ன ஒரு செம்பருந்தும் அடிக்கடி வந்துகொண்டிருந்தது.

குளத்தின் நடுவே ஒரு பாறை. அதன்மேல் எப்போதும் ஒரு காவல் தவளை உட்கார்ந்திருக்கும். பருந்தைக் கண்டதும் அது குரல் கொடுக்கும். மற்றவை தண்ணீருக்குள் பாய்ந்துவிடும். காவல் தவளை மட்டும் கடைசிவரை பாறையிலேயே இருந்து கத்த வேண்டும். அதற்காக அதன் முதுகில் ஒரு சிப்பி ஓட்டைக் கோரைப்புல்லால் கட்டிவிடுவார்கள். அதுதான் கவசம்.

ஒரே சிப்பியின் இரண்டு ஓடுகள். காலைக் காவலுக்கு ஒன்று, மாலைக் காவலுக்கு ஒன்று. எப்போதோ ஒரு மழைக்காலத்தில் பருந்தின் நகம் அந்த ஓட்டில் பட்டு வழுக்கியது உண்மைதான். அன்றிலிருந்து தவளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கள் கவசத்தை எதுவும் செய்ய முடியாது என்று போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டன.

இதில் ஒரு வழக்கம் வேறு! காவல் முடிந்ததும் கவசத்தைக் கழற்றிப் பாறையில் ஓங்கிப் போடுவார்கள். 'டங்' என்று கேட்டால், காவல் மாறிவிட்டது என்று குளம் முழுக்கத் தெரியுமாம்.

பாறை இடுக்கில் செங்காலி என்ற நண்டு குடியிருந்தாள். தலைக்கு மேலே விழும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு எரிச்சல். இப்போது எரிச்சலோடு பயமும் சேர்ந்துகொண்டது. 'டங்' என்று கேட்டது 'டொப்' என்று கேட்கத் தொடங்கியிருந்தது.

காலைக் காவலுக்கு வரும் தத்தன் அவளுடைய நண்பன்.

"தத்தா, உன் ஓடு வீணாகிவிட்டது. அதை நம்பி உட்காராதே!" என்றாள்.

"நான் என்ன செய்வேன் அக்கா? தலைவர் கட்டச் சொல்கிறார், கட்டிக்கொள்கிறேன். இப்போதுதான் என் மனைவி கரையோரம் முட்டையிட்டிருக்கிறாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று எனக்கும் பயம்தான்" என்றான் தத்தன்.

செங்காலி நேரே தவளைத் தலைவர் பெருவாயரிடம் போனாள்.

"தலைவரே, ஓடுகள் பழசாகிவிட்டன. மாற்றுங்கள்!"

பெருவாயர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஓடு என்ன மீனா, கெட்டுப்போக? நாற்றம் அடிக்கிறதா?"

"வெயிலில் காய்கிறது, மழையில் நனைகிறது, தினமும் அடி வாங்குகிறது!"

"பருந்து அடித்து எத்தனையோ மழைக்காலம் ஆயிற்று. அடியே படாத கவசம் எப்படித் தேயும்?"

"பருந்து அடிக்கவில்லை. நீங்கள் அடிக்கிறீர்கள்! ஓங்கிப் போடாமல் மெதுவாக வைக்கக் கூடாதா?"

"மெதுவாக வைத்தால் காவல் மாறியது எப்படித் தெரியும்?"

ஏற்கெனவே பிதுங்கியிருந்த நண்டின் கண்கள் இன்னும் பிதுங்கின. "நீங்கள் தவளைகள்! கத்தக்கூடவா தெரியாது?"

பெருவாயர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "நீ அவ்வப்போது உன் ஓட்டைக் கழற்றி எறிகிறாய். உன் ஓடு மட்டமானது. அதற்காக எங்கள் ஓட்டையும் எறியச் சொல்கிறாயா?"

சொன்னால் கேட்கிற ஜென்மங்களா இவை! ஆனாலும் செங்காலி விடவில்லை. மறுநாள் காலை எல்லோரையும் பாறைக்கு வரவழைத்தாள். தத்தனின் ஓட்டை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மெல்லிய கீறல்கள் வழியாக வெளிச்சம் தெரிந்தது.

"பார்த்தீர்களா விரிசலை?"

"அடடா, எவ்வளவு அழகான கோடுகள்! எல்லாம் வீரத் தழும்புகள்!" என்றார் பெருவாயர். கூட்டம் ஆரவாரம் செய்தது. மாலைக் காவல்காரன் ஓடிவந்து ஓட்டின் மேற்புறத்தைப் பாசியால் தேய்த்தான். "பளபளவென்று மின்னுகிறது. இது போய்ப் பழசா?" என்று கேட்டான்.

செங்காலிக்குப் பொறுமை போய்விட்டது. கொடுக்கை நீட்டி ஓட்டை ஒரே ஒரு கிள்ளு கிள்ளினாள். தினமும் பாசி பறிக்கிற பலம்தான், அதற்குமேல் இல்லை. ஓடு துண்டு துண்டாக உடைந்து விழுந்தது.

"ஐயோ, உடைத்துவிட்டாள்! நன்றாக இருந்த கவசத்தை உடைத்துவிட்டாள்!" என்று குளமே கத்தியது. அந்தக் கூச்சலில் வானத்தை யார் பார்த்தார்கள்?

தத்தன் பார்த்தான். முதுகில் ஓடு இல்லாததால் அவனுக்கு வானத்தின்மேலேயே கண்.

"பருந்து!" என்று அலறிக்கொண்டே தண்ணீரில் பாய்ந்தான். எல்லோரும் பாய்ந்தார்கள். செங்காலி இடுக்குக்குள் புகுந்தாள். வேகமாக இறங்கிய பருந்து, தவளை என்று நினைத்து ஓட்டுத் துண்டு ஒன்றைப் பிடித்து இறுக்கியது. அது பொடிப்பொடியாக நொறுங்கியது. பருந்து ஏமாந்து பறந்து போனது.

தவளைகள் மெல்லத் தலை நீட்டின. பெருவாயர்தான் முதலில் பேசினார். "பார்த்தாயா நண்டே! நீ உடைக்காமல் இருந்திருந்தால் அந்த ஓடு பருந்தைத் தடுத்திருக்கும்!"

செங்காலி வாயைத் திறந்தாள். நுரைதான் வந்தது.

தத்தன் பாறைமேல் ஏறினான். மாலைக் காவலுக்கான இன்னொரு ஓடு அங்கே கிடந்தது. அதை எடுத்துத் தலைவர் முன்னால் வைத்தான்.

"தலைவரே, இதுவும் அதே சிப்பிதான். இன்று ஒரு நாள் நீங்கள் இதைக் கட்டிக்கொண்டு பாறையில் உட்காருங்கள். பருந்து திரும்பி வந்தால் கடைசிவரை இருந்து கத்துங்கள். நாளை முதல் நான் ஒரு குறையும் சொல்லாமல் இதைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன்."

பெருவாயர் ஓட்டைப் பார்த்தார். பாறையில் கிடந்த பொடியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு முதல்முறையாகத் தானே அந்த ஓட்டைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"இது... கொஞ்சம் பழசாகத்தான் தெரிகிறது" என்று முனகினார். உடனே குரலை உயர்த்தி, "யாரங்கே! ஆற்றங்கரைக்குப் போய்ப் புதுச் சிப்பி கொண்டு வாருங்கள்! என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? ஓடுங்கள்!" என்றார்.

"இதைத்தானே நான் அப்போதிருந்து..." என்று செங்காலி கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அடுத்தவர் முதுகில் இருக்கும்வரை எந்தக் கவசமும் புதிதாகத்தான் தெரியும் என்பதால், அது நேற்றுக் காத்த பெருமையைப் பேசாமல், இன்றும் காக்குமா என்று தன் உயிரே அதை நம்பியிருப்பதாக நினைத்துச் சோதித்துப் பார்ப்பவரே அறிவாளி.