பாறையில் முளைத்த ஆட்டுக்கால்

ஆடுகள் மனிதரோடு வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேல்கோம்பை என்று ஒரு மலையூர் இருந்தது. இப்போது ஆடுகள் ஏன் பேசுவதில்லை என்று கேட்காதீர்கள். நம்மிடம் பேசிப் பயனில்லை என்று அவற்றுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அது வேறு கதை.

ஊருக்கு மேலே, பலாமரங்களைத் தாண்டிப் போனால் ஓர் இடிந்த கோயில். கட்டியது யார் என்று அன்றைக்கே யாருக்கும் தெரியாது. விமானம் சரிந்து கருவறைக்குள் விழுந்து கிடந்தது. நந்திக்கு ஒரு கொம்பு இல்லை. மண்டபத்தில் நின்ற தூண்களைவிடப் படுத்த தூண்கள்தான் அதிகம். அவற்றின் மேல் மேல்கோம்பைக்காரர்கள் சாமை காயப் போட்டார்கள். ஆனாலும் அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் மலையேறி வந்துகொண்டே இருந்தார்கள். நன்றாக நிற்கும் கோயிலைவிட இடிந்த கோயிலைப் பார்ப்பதில் நம் ஆட்களுக்கு அப்படியொரு ஆசை.

ஏறி வருகிறவர் யாராக இருந்தாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்வார். அதனால் ஊரில் ஒரு வழக்கம். வந்தவருக்கு முதலில் ஆட்டுக்கால் சாறு வைத்துக் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை ஒரு வீடு ஆடு அடித்தால் அடுத்த தடவை அடுத்த வீடு. காலைச் சாறுக்கு எடுத்துக்கொண்டு மீதியை ஊரே பகிர்ந்துகொள்ளும். விருந்தாளி வந்தால் ஊருக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வந்தவரிடம் “என்ன வேண்டும்?” என்று கேட்கக் கூடாது. கேட்டால், இல்லையென்று சொல்ல வழி பார்க்கிறோம் என்று அர்த்தமாம். அது ஊருக்கே தலைகுனிவு. அப்படிக் கேட்கிற வீட்டோடு யாரும் நெருப்பு, தண்ணீர் புழங்க மாட்டார்கள்.

கோயிலுக்குப் பக்கத்துக் கடைசி வீடு பெருமாயியுடையது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை. அவளிடம் மிச்சம் இருந்தது கொஞ்சம் சாமைக்காடும் ஒரு செவலை ஆடும்தான். ஆட்டின் பெயர் சிலுப்பி. குட்டியாக இருந்தபோது கோயில் மதிலிலிருந்து விழுந்து முன்னங்கால் ஒன்று கோணிப்போனது. நொண்டி நொண்டித்தான் நடக்கும். காலில் இருந்த குறையை வாயில் ஈடுகட்டிக்கொண்டது. குழம்பில் உப்பு குறைந்தால் மோந்து பார்த்தே சொல்லும். பெருமாயிக்கும் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. இருவரும் பொழுது விடிந்ததும் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை ஓயமாட்டார்கள். அவள் அந்த ஆட்டின் மேல் உயிரையே வைத்திருந்தாள்.

ஊர் முறை சுற்றிச் சுற்றி வந்தது. பெருமாயியின் வீட்டை நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் வரக் கூடாது என்று தினமும் மலைப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை, பனி விலகும் நேரத்தில் ஓர் ஆள் வந்துவிட்டார். கனத்த உடம்பு, நரைத்த தாடி, கையில் மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. நேராகக் கோயிலுக்குப் போனவர் ஒரு தூணின் மேல் உட்கார்ந்து இரண்டு முழங்கால்களையும் தேய்த்துக்கொண்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, “இங்க ஒரு வெளக்கு மாடம் இருந்துச்சே” என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

ஊர்க்கவுண்டர், அதாவது அந்த ஊரின் தலைவர், பெருமாயியின் வாசலில் வந்து நின்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் முறை என்று வந்துவிட்டால் பெற்ற தாய்க்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

“பெருமாயி, ஆள் வந்திருக்காங்க. உன் முறை.”

“ஒத்தை ஆடுங்க. அதுவும் நொண்டி.”

“நொண்டி ஆட்டுக் கால்லயும் சாறு வருமில்ல? சீக்கிரம் ஆகட்டும். பசங்க வெறகு கொண்டாறாங்க.”

அவர் போனதும் பெருமாயி அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சிலுப்பி அவளை நிமிர்ந்து பார்த்தது. அரிவாளை வேலியோரம் போட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்.

“போயிரு. காட்டுக்குள்ள எங்கயாச்சும் ஓடிப் போயிரு.”

“இந்தக் காலை வெச்சுக்கிட்டா?” என்றது சிலுப்பி. “மொத வளைவுலயே சிறுத்தை கேக்கும், எங்க பொறப்பட்டன்னு. இங்கன்னா நீயாவது அழுவ. அது அழுவாது.”

பெருமாயி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சிலுப்பி நொண்டிக்கொண்டு வந்து அவள் தோளில் முகத்தை வைத்தது.

“ஏ ஆத்தா, ஒண்ணு கேக்கறேன். அந்த ஆளு ஆடு வேணும்னு சொன்னாரா?”

“சொல்லலை.”

“அப்புறம்?”

“விருந்தாளி வாய் தொறந்து கேப்பாங்களா? நாமதான் குடுக்கணும்.”

“அப்ப நீ போய்க் கேளு. என்ன வேணும்னு.”

பெருமாயி திடுக்கிட்டுப் போனாள். அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. ஊரில் எவர் வாயிலிருந்தும் வந்ததில்லை. “கேட்டா ஊரு என்னைத் தள்ளி வெச்சுரும்டி” என்றாள்.

“கேக்காட்டி நான் சட்டியில இருப்பேன்” என்றது சிலுப்பி. அது சும்மா சொன்னதுதான். ஆனால் எதற்கும் வாய் ஓயாத ஆடு அப்புறம் ஒன்றும் பேசவில்லை. பெருமாயியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஆடு நொண்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. கோயிலில் அதற்குள் ஊரே கூடியிருந்தது. அடுப்பு மூட்டி, பானையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. வந்தவர் தூணின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பெருமாயி அவர் எதிரே போய் நின்று கும்பிட்டாள்.

“ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு என்ன வேணுங்க?”

விறகு உடைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். ஊர்க்கவுண்டரின் முகம் கறுத்தது. “பெருமாயி, ஊர் மானத்தை வாங்கிட்டியே” என்றார்.

வந்தவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு மேல்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இந்த வீட்டுல நான் ரொம்பக் காலம் இருந்தேம்மா” என்று சரிந்து கிடந்த கருவறையைக் காட்டினார். “வராத ஆள் இல்லை. மழை வேணும்னாங்க. புள்ளை வேணும்னாங்க. பக்கத்துக் காட்டுக்காரன் கெட்டுப்போகணும்னு ஒருத்தன் பொங்கலே வெச்சான். எனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலை. பால் வேணுமா, பூ வேணுமான்னு அவங்களே முடிவு பண்ணிக் கொட்டுவாங்க. சலிச்சுப் போச்சு. ஒரு நாள் எந்திரிச்சு நடந்துட்டேன். ஆள் இல்லாத வீடு எத்தனை நாளைக்கு நிக்கும்? விழுந்துருச்சு. எப்படி இருக்குதுன்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

வந்திருப்பது யார் என்று ஊருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொருவராகத் தரையில் விழுந்தார்கள். ஊர்க்கவுண்டர் சற்று முன்னால் பேசிய பேச்சை எப்படித் திரும்ப விழுங்குவது என்று தெரியாமல், குப்புற விழுந்தவர் எழவே இல்லை.

பெருமாயி மட்டும் விழவில்லை. கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே. “அப்ப என்ன வேணுங்க சாமி?” என்றாள் மறுபடி.

“கால் வலிக்குதும்மா. சூடா எதாச்சும் குடிக்கக் குடுத்தா போதும்.”

அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “கால் வலிக்கு ஆட்டுக்கால் சாறுதாங்க கேக்கும். வேற மருந்து எனக்குத் தெரியாது” என்றாள். சொல்லிவிட்டுச் சிலுப்பியின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.

சாமி ஆட்டைக் கிட்டே கூப்பிட்டது. “உனக்கு எந்தக் கால்?”

“இந்த முன்னங்கால்ங்க. மழை வந்தா உயிர் போகும். உங்களுக்கு?”

“ரெண்டும். ஏறும்போது தேவலை, எறங்கும்போதுதான்.”

“ஆமாங்க, எறக்கம்தான் பொல்லாதது” என்றது ஆடு. இருவரும் தூண்மேல் கால் நீட்டி வலிக்குக் கைவைத்தியம் பேசிக்கொண்டார்கள்.

“அந்தக் கோணக்காலை எனக்குக் குடுக்கறியா?” என்று சாமி கேட்டது.

சிலுப்பி பெருமாயியைப் பார்த்தது. பிறகு காலை முன்னால் நீட்டியது. “வேணுமான்னு கேட்டு வாங்கறீங்க. அதுக்கே குடுக்கலாம். எங்க இனத்துல இதுவரைக்கும் யாரையும் யாரும் கேட்டதில்லைங்க.”

சாமி அந்தக் காலை மேலிருந்து கீழாகத் தடவிக்கொடுத்தது. ஈர மண்ணிலிருந்து கிழங்கு வருவதுபோல் அது கையோடு வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அது இருந்த இடத்தில் நேரான புதுக்கால் ஒன்று நின்றது. சாமி கோணக்காலைக் கருவறையின் இரண்டு கற்களுக்கு நடுவே செருகி, பாசியை வைத்து அழுத்தியது. செவலை மயிரோடு அது பாறையைப் பற்றிக்கொண்டது. மேலே பச்சை இலைகள் சுருள் சுருளாக விரிந்தன.

“இதுல வெட்டிச் சாறு வை. கொஞ்சம் விட்டு வெச்சா மறுபடி வளரும்” என்றது சாமி.

பெருமாயி ஒரு துண்டு வெட்டினாள். கத்தியால் மயிரைச் சுரண்டி, மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்தாள். மணம் மலையைத் தூக்கியது. சாமி ஒரு சட்டி குடித்து, இன்னொரு சட்டி கேட்டு வாங்கிக் குடித்தது. அதன் பிறகுதான் ஊர்க்கவுண்டர் தரையிலிருந்து எழுந்தார். ஒரு வாய் குடித்துப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

“இதுல ஆடு இல்லைன்னா நான் நம்ப மாட்டேன்.”

“ஆடு இங்க இருக்குதுங்க” என்று மதில் மேலிருந்து குரல் வந்தது. புதுக்கால் வந்த குஷியில் சிலுப்பி அங்கே ஏறியிருந்தது. பெருமாயி அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இறங்குடி, மறுபடி விழுந்து தொலையாதே என்று திட்டினாள். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.

சாமி புறப்படும்போது அவள் சொன்னாள்: “இங்கயே இருந்துருங்க. ஊரு சேந்து கோயிலைத் தூக்கிக் கட்டிருவோம்.”

“கட்டினா கதவு வெப்பீங்க, பூட்டு வெப்பீங்க. இப்படியே கெடக்கட்டும்மா, காத்து நல்லா வருது” என்றது சாமி. முழங்காலை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டது. “கால் வலி விட்டா அப்பப்ப வந்து போறேன்.” மெதுவாக இறங்கிப் பனிக்குள் போய்விட்டது.

மலைகளில் இன்றும் கிடைக்கும் முடவாட்டுக்கால் கிழங்கு பாறையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டுக்கால்போல் மயிரோடு வளர்வது அன்றைக்குத் தொடங்கியதுதான். மலைக்கு வருகிறவர்களுக்கு அதன் சாறு கொடுப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். அதோடு, மேல்கோம்பைக்காரர்கள் அந்த இடிந்த கோயிலில் எதையும் வேண்டிக்கொள்வதும் இல்லை. கற்களுக்கு முன்னால் போய் நின்று, “சாமி, உனக்கு என்ன வேணும்?” என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள்.