மூழ்கிப்போன வழிகாட்டி

முன்னொரு காலத்தில், நிலவு வந்து குளித்துவிட்டுப் போகும் தாமரைக்குளம் ஒன்று ஓர் அரண்மனையின் பின்புறம் இருந்தது. அந்நாட்டு அரசர் ஒருநாள் விடியலில், பாதிக் கண் திறந்தபடியே, அவை விகடன் வெண்காடனை அழைத்தார்.

"வெண்காடா, கனவில் நான் நம் தாமரைக்குளத்தின் மேல் மிதந்தேன். பக்கத்திலேயே நிலவும் மிதந்தது. உடம்பில் பாரமே இல்லை. விழித்தால் என் கையையே தூக்க முடியவில்லையடா!"

"இன்னும் சற்றுத் தூங்குங்கள், அரசே."

"தூக்கம் வேண்டாம். நான் மிதக்க வேண்டும்!"

அரசர் தம் கனவுகளை முதலில் வெண்காடனிடம்தான் சொல்வார். அரண்மனை வைத்தியர் நாகதத்தருக்கு அதில்தான் வயிற்றெரிச்சல். செய்தி எட்டியதும் ஓடோடி வந்தார்.

"பெருமானே, நிலவின் உலோகம் வெள்ளி. அதைப் பஸ்பமாக்கி உண்டால் உடல் நிலவைப் போல் மிதக்கும். நாளை மாலையே தருகிறேன். ஆனால் உள்ளத்தில் கள்ளம் உள்ளவன் உண்டால் மூழ்கிவிடுவான். முதலில் வெண்காடன் உண்டு, ஆழத்தில் இறங்கிக் காட்டட்டும்."

வெண்காடனுக்கு நீச்சல் தெரியாது. வைத்தியருக்கு அது தெரியும்.

மறுநாள் மாலை தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகக் கிடந்தன. படித்துறையில் வைத்தியர் சிமிழைத் திறந்தார். உள்ளே பொடி மின்னியது.

"ஆகா, நிலவேதான்!" என்றார் அரசர்.

வெண்காடன் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையே தேய்த்தான். நறநறத்தது. தான் மூழ்கினால் கள்ளன் என்பார்கள். அதன்பின் இந்த வேகாத வெள்ளி அரசரின் வயிற்றுக்குள் போகும். அரசரோ இப்போதே குழந்தை போல் வாய் திறந்து நின்றார்.

"வைத்தியரே, வெந்த வெள்ளி இப்படிக் கண் சிமிட்டுமா?"

"பேச்சை வளர்க்காதே. விழுங்கு!"

"விழுங்குகிறேன். ஆனால் மிதக்கும் வழி எனக்குப் புதிது. மருந்து முன்னே போகட்டும், நான் பின்னே போகிறேன்."

பொடியைத் தண்ணீரின் மேல் தூவினான். அது விண்மீன்கள் உதிர்வது போல் மினுமினுத்துக்கொண்டே அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

வெண்காடன் குனிந்து பார்த்தான். "அரசே, வழிகாட்ட வந்தவரே மூழ்கிவிட்டார். அவர் உள்ளத்தில் என்ன கள்ளமோ, பாவம்!"

"நாகதத்தரே, உம் மருத்துவ நூல் என்ன சொல்கிறது?" அரசரின் தூக்கம் கலைந்திருந்தது.

"நன்றாக வெந்த பஸ்பம்... நீரில் மிதக்கும், பெருமானே. மின்னாது. மூலிகைச் சாற்றில் அரைத்து, வறட்டி அடுக்கி, பலமுறை புடம் போட வேண்டும். நான் ஒருமுறைதான் எரித்தேன்."

"என்னை மேலுலகம் அனுப்பிவைக்க அவருக்கு அத்தனை அவசரம், அரசே!" என்றான் வெண்காடன்.

"போய் மறுபடி வறட்டி அடுக்கும். பஸ்பம் மிதக்கும்வரை அவைப் பக்கம் வராதீர்!" என்ற அரசரின் முகம் வாடியது. "அப்படியானால் என் கனவு?"

"வைத்தியர் உலோகத்தை உள்ளே போடச் சொன்னார். நான் கழற்றச் சொல்கிறேன்."

கிரீடமும் மார்பணியும் தோள்வளைகளும் படியில் இறங்கின. வெண்காடன் இடுப்பளவு நீரில் நின்று, அரசரின் முதுகைத் தாங்கினான்.

"மல்லாந்து படுங்கள். மூச்சை இழுங்கள். நாட்டை நினைக்காதீர்கள்."

அதற்குள் எழுந்திருந்த நிலவு நீரில் மெல்ல நகர்ந்து அரசரின் தோளருகே வந்தது.

"கையை எடுத்துவிடாதே, வெண்காடா."

"எப்போதோ எடுத்துவிட்டேன், அரசே."

அரசர் சிரித்த சிரிப்பில் நிலவு நூறு துண்டாயிற்று. "தோள்வளை இரண்டும் உனக்கே! இப்போதே அணிந்துகொள்!"

"கரையேறிய பிறகு அணிகிறேன், அரசே. எனக்கு நீச்சல் தெரியாது."